பிள்ளை பிறக்க முந்தி சமைச்சு உறைய வைக்கிறது: எங்கட சாப்பாட்டில எது தாங்கும்?

உப்புவெளிப்பிள்ளை
ஒக்டோபர் 4, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மார்கழி முதல் கிழமை எனக்குத் திகதி குடுத்திருக்கினம். தலைப்பிள்ளை. அம்மா தவறிட்டா. மாமி மூதூரிலயிருந்து வந்து நிப்பா, ஆனா அவவுக்கு முழங்கால் வருத்தம், அடுப்படியில நெடுக நிக்க விட ஏலாது. இவர் அரசாங்க உத்தியோகம். தகப்பனுக்கெண்டு குடுக்கிற லீவு 3 நாள்தான். அதுக்குப் பிறகு பகல் முழுக்க நானும் மாமியும் குழந்தையும்.

மார்கழி எண்டால் திருகோணமலை எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். வாடைக்காத்து, மழை, தோணிகள் கடலுக்குப் போறது குறைவு, மீன் விலை ஏறிடும். அதால இப்பவே கொஞ்சம் கொஞ்சமாச் சமைச்சு பிரீசரில வைப்பம் எண்டு யோசிக்கிறன். யூடியூப்பில தேடினா பாஸ்தாவும் சூப்பும் பெட்டி பெட்டியா அடுக்கிறதைத்தான் காட்டினம். எங்கட வீட்டில சோறு, கறி, புட்டு, இடியப்பம், சொதி. தேங்காய்ப்பால் விட்ட கறியை உறைய வைச்சா என்னாகும்? மீன்? பத்தியக்கறி? இருக்கிறது ரெண்டு கதவு பிரிட்ஜ், மேல் தட்டு பிரீசர். செய்து பழகின ஆக்கள் சொல்லுங்கோ.


ஸ்காபரோ_அக்கா
ஒக்டோபர் 4, இரவு 10.40

தங்கச்சி, முதல்ல வாழ்த்துகள். நான் அன்புவழிபுரத்தில பிறந்து வளர்ந்தனான், இப்ப கனடாவில. இங்க எங்கட சனத்தின்ர வீடுகளில நிலக்கீழ் அறையில ஒரு பெரிய பிரீசர் கட்டாயம் நிக்கும். கடையளிலயே உறைஞ்ச இடியப்பம், உறைஞ்ச தேங்காய்ப்பூ, முருங்கையிலை எல்லாம் பைக்கற்றில விக்குது. ஆகவே இடியப்பத்துக்குப் பயப்பிடத் தேவையில்லை, அது அருமையா நிக்கும்.

ஒரே ஒரு கவனம்: அவிச்ச சூட்டோட கட்டாதேங்கோ. ஆவி உள்ளுக்குள்ள தண்ணியாகி, எடுக்கேக்க இடியப்பம் களியாப் போயிருக்கும். தட்டோடயே நல்லா ஆறவிட்டு, ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்குக் காணுமான அளவை லஞ்ச் சீற்றில சுத்தி, பிறகு தடிச்ச பையில போட்டுக் காத்தை அமத்தி எடுத்திட்டுக் கட்டுங்கோ. திரும்பிச் சூடாக்கேக்க உருக விட வேண்டாம். ஐஸ்கட்டியா இருக்கேக்கயே நீராவியில வையுங்கோ. உருகினாப் பிறகு வைச்சா ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொள்ளும்.

புட்டும் அப்பிடித்தான். தேங்காய்ப்பூ போட்டு அவிச்ச புட்டைக் கையால உதிர்த்து, ஆறவிட்டுப் பையில தட்டையாப் பரவுங்கோ. எடுக்கேக்க கொஞ்சம் உப்புத்தண்ணி தெளிச்சு நீத்துப்பெட்டியில ஒரு அவியல்.

சொதியை மட்டும் விட்டிடுங்கோ. அது வைக்கிறதே கால் மணித்தியால வேலை.


பிரிட்ஜ்_திருத்துனர்
ஒக்டோபர் 5, காலை 6.55

அக்கா சொன்னது சரி, ஆனா கனடாவில கரண்ட் போறது குறைவு. இங்க கதை வேற. சமைக்கத் தொடங்க முந்தி பிரீசரைப் பாருங்கோ.

உங்கட பிரீசர்க் கதவிலயோ உள்பெட்டியிலயோ நட்சத்திர அடையாளம் போட்டிருக்கும். ஒரு நட்சத்திரம் எண்டால் அது சைபருக்குக் கீழ 6 பாகைக்குத்தான் போகும், உறைஞ்ச சாமான் ஒரு கிழமைதான் வைக்கலாம். ரெண்டு நட்சத்திரம், சைபருக்குக் கீழ 12, ஒரு மாதம். மூண்டு நட்சத்திரம், சைபருக்குக் கீழ 18, மூண்டு மாதம் வரை. மூண்டோட சேர்த்துப் பெரிசா இன்னொரு நட்சத்திரம் இருந்தாத்தான் அது சூடாறின புதுச் சாப்பாட்டை ஒழுங்கா உறைய வைக்கிற பிரீசர். ஒற்றைக் கதவு பிரிட்ஜுக்குள்ள இருக்கிற சின்ன ஐஸ் பெட்டியை நம்பி மாதக்கணக்குக்குச் சமைக்கிற ஆக்களை நான் நெடுகப் பாக்கிறன். அது ஐஸ் பிடிக்கும், ஆனா அந்தக் குளிருக்குப் போகாது.

அடுத்தது கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினவங்கள், மறந்திருக்க மாட்டீங்கள். இப்ப அப்பிடி இல்லாட்டியும் மாரியில மரம் விழும், லைன் அறும். நிறைஞ்ச பிரீசரைத் திறக்காம விட்டா ஏறத்தாழ 48 மணித்தியாலம் குளிரைப் பிடிச்சு வைச்சிருக்கும். பாதி நிறைஞ்சிருந்தா 24 தான். அதால இடம் மிஞ்சினா தண்ணிப் போத்தலை முக்காவாசிக்கு நிரப்பி உள்ளுக்கு அடுக்குங்கோ. அதுவே ஐஸ்கட்டியாகி மற்றச் சாமானைக் காக்கும். கரண்ட் போனா யாருக்கும் திறந்து பாக்க ஆசை வரும். திறக்காதேங்கோ.

ஒரு சின்னக் கோப்பையில தண்ணியை உறைய வைச்சு, அதுக்கு மேல ஒரு ரெண்டு ரூபாக் குத்தியை வையுங்கோ. ஆஸ்பத்திரியில நிண்டிட்டு வீட்ட வரேக்க குத்தி மேலயே இருந்தா ஒண்டும் நடக்கேல்லை. அடியில போய் உறைஞ்சிருந்தா, இடையில எல்லாம் உருகித் திரும்ப உறைஞ்சிருக்கு எண்டு அர்த்தம். அதுக்குள்ள இருக்கிற இறைச்சி, மீனைப் பிள்ளைப்பெத்த வீட்டில சாப்பிடாதேங்கோ.

கரண்ட் திரும்பி வரேக்க வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். ஒரு பிரிட்ஜ் கார்ட் பூட்டுங்கோ.


நிலாவெளிக்_குசினி
ஒக்டோபர் 5, பின்னேரம் 3.30

நான் ஹோட்டல் குசினியில நிக்கிறன். எங்களுக்கு சித்திரையிலயிருந்து புரட்டாதி வரைக்கும் கடல் அமைதி, சனம் நிறைய. அந்த நேரம் ஒவ்வொரு கறியையும் வெங்காயம் வெட்டுறதிலயிருந்து தொடங்க ஏலாது. பாதிச் சமையலை முந்தியே முடிச்சு வைப்பம். நீங்களும் கறியை முழுசா முடிக்காம, பால் விடுற இடத்தில நிப்பாட்டுங்கோ.

தேங்காய்ப்பால் எண்டிறது கொழுப்பும் தண்ணியும் கலந்து நிக்கிற சாமான். உறையேக்க தண்ணி ஐஸாகி விலகும், கொழுப்பு தனியத் திரளும். உருக்கினாப் பிறகு கறி திரைஞ்சு, மேல எண்ணெயும் கீழ தண்ணியுமா நிக்கும். சாப்பிடக் கெடுதல் இல்லை, ஆனா வாய் ஏற்காது. ஆகவே வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை வதக்கி, தூள் போட்டுப் பிரட்டி, கோழியையோ ஆட்டிறைச்சியையோ அதிலயே அவிச்சு, குழம்பு சுண்டித் துண்டில பிடிக்கிற பதத்தில இறக்குங்கோ. அதை உறைய வையுங்கோ. எடுக்கிற நாளில கொஞ்சத் தண்ணி விட்டு நல்லாக் கொதிக்க வைச்சு, கடைசியாக் கட்டிப்பால் விட்டு இறக்கினா அண்டைக்கு வைச்ச கறிதான். தேசிக்காய்ப்புளியும் அண்டைக்குத்தான் விட வேணும்.

பாலுக்குத் தேங்காய்? துருவின பூவைப் பையில போட்டுத் தட்டையா அமத்தி உறைய வையுங்கோ. உடைச்சு எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணியில ஊறவிட்டுப் பிழிஞ்சா நல்லாப் பால் வரும். துருவுபலகையில குந்துற வேலை உங்களுக்கு அந்த மாதம் இருக்கக் கூடாது.

மீனைக் கறியாக்கி வைக்கிறதிலும் பார்க்க, மீன் வேற, புளிக்குழம்பு வேற எண்டு வைக்கிறது திறம். மீனை வெட்டிக் கழுவி, தண்ணி வடிய விட்டு, ஒரு தட்டில துண்டு துண்டா உறைய வையுங்கோ. கல்லானாப் பிறகு ஐஸ்தண்ணியில ஒரு முக்கு முக்கித் திரும்ப வையுங்கோ. மேல கண்ணாடிப் படலம் போல ஒரு ஐஸ் பிடிக்கும். அதுதான் மீனைக் காயாம, காறாம காக்கிறது. மஞ்சளும் உப்பும் பிரட்டி வைக்கிற பழக்கம் சில வீடுகளில இருக்கு. பிரீசருக்கு உப்பு வேண்டாம். உப்புப் பட்ட மீன்கொழுப்பு கெதியாக் காறும். சூடை, சாளை போல எண்ணெய் மீனுக்கு ரெண்டு மூண்டு மாதம்தான் கணக்கு. விளைமீன், கொடுவா போல வெள்ளைச் சதை மீன் அதிலும் கூட நாள் நிக்கும்.

தாங்காத சாமான்: உருளைக்கிழங்கு மாவாகித் தண்ணி கக்கும். வெள்ளரி, புடலங்காய் சொதசொதத்துப் போம். அவிச்ச முட்டையின்ர வெள்ளை சவ்வாகும். தயிர் பிரியும். தாங்குறதில முதலாம் இடம் பருப்புக்குத்தான், பால் விடாம அவிச்சு வையுங்கோ. கடலை, கௌபி, பயறு எல்லாம் ஊறவிட்டு அவிச்சுத் தண்ணி வடிச்சுப் பை பையா வைச்சா, தாளிச்சா ஒரு பின்னேரச் சாப்பாடு, கறிக்குள்ள போட்டா ஒரு நேரத்துக் கறி.

பைகளை விரல் மொத்தத்துக்கு மேல நிரப்பாதேங்கோ. தட்டையா இருந்தாத்தான் கெதியா உறையும், கெதியா உருகும், அடுக்கவும் லேசு. கெதியா உறைஞ்சா உள்ள ஐஸ் பொடிசா இருக்கும், சதை கிழியாது. ஆறுதலா உறைஞ்சா பெரிய பெரிய ஐஸ் ஊசி வளர்ந்து இறைச்சியில இருக்கிற சாறு முழுக்க வெளியில வந்திடும். ஐஸ்கிரீம் டப்பாவில கழுத்துவரை நிரப்பி வைச்ச கறி வறட்டிப் போறதுக்குக் காரணம் இதுதான்.


கோணேசர்_கோயிலடி
ஒக்டோபர் 5, இரவு 8.05

எல்லாரும் அக்கறையா எழுதுறீங்கள், ஆனா பிள்ளைப்பெத்தவளுக்கு பிரீசர்ச் சாப்பாடு குடுக்கிறதை நான் ஒப்பமாட்டன். அது பச்சை உடம்பு. எங்கட அம்மாமார் 31 துடக்குக் கழியும் வரைக்கும் அண்டண்டைக்கு அம்மியில மல்லி, மிளகுச் சரக்கரைச்சு, உடன் மீன் வாங்கி, ஒரு சின்னச் சட்டியில அவளுக்கெண்டு தனியா வைச்சுக் குடுத்தவை. மிஞ்சினதைக் கூட இரவைக்குக் குடுக்க மாட்டினம். அந்த ஒழுங்கு காரணமில்லாம வந்தேல்லை. எனக்கும் அப்பிடித்தான் பாத்தவை, என்ர பிள்ளைகளுக்கும் நான் அப்பிடித்தான் பாத்தனான்.

அதோட பிள்ளை, அயலட்டை சோறு குடுத்து விடுறது எங்கட ஊர் வழக்கம். வாயைத் திறந்து கேளுங்கோ. கேட்டா ஒருத்தரும் இல்லையெண்ண மாட்டினம்.


உப்புவெளிப்பிள்ளை
ஒக்டோபர் 5, இரவு 9.30

அன்ரி, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. அம்மா இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா. நாங்கள் இந்த வளவுக்கு வாடகைக்கு வந்தது அண்மையிலதான், அயலில இன்னும் அவ்வளவு பழக்கம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மாதிரி, அவவும் வேலைக்குப் போறவ.

நான் பழைய சாப்பாடு தேடேல்லை. உரிக்கிற, அரைக்கிற, துருவுற, மீன் வெட்டுற வேலையை முந்தியே முடிச்சிட்டா, அண்டைக்கு அடுப்பில வைச்சு இறக்கிறதை மாமியோ இவரோ செய்யலாம். அதுக்குத்தான் வழி கேக்கிறன். சரக்கரைப்பை உறைய வைக்கலாமா எண்டும் சொல்லுங்கோ. உங்கட கை அளவு தெரிஞ்சா இன்னும் நல்லம்.


குடும்பநலம்
ஒக்டோபர் 6, மதியம் 1.15

நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கோணேசர்_கோயிலடி அம்மா சொன்ன "மிஞ்சினதைக் குடுக்க மாட்டினம்" என்ற பழக்கத்துக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிரிட்ஜ் இல்லை. எங்கள் ஊர் வெக்கையில் காலையில் வைத்த கறி இரவைக்குக் கெட்டுவிடும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் கெதியாகப் பெருகும். வசதியான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த இடைவெளியில் சாப்பாடு நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் எல்லாப் பாதுகாப்புக்கும் அடிப்படை.

ஆகவே இறக்கிய கறியை "ஆறட்டும்" என்று பின்னேரம் வரை மேசையில் விடாதீர்கள். 2 மணித்தியாலத்துக்குள் குளிருக்குள் போக வேண்டும். சட்டியை ஐஸ்தண்ணி விட்ட பேசினில் வைத்துக் கிளறினால் கெதியாக ஆறும். சுடச்சுடப் பெரிய சட்டியோடு பிரீசரில் வைப்பதும் பிழை. நடுவில் சூடு நிற்கும், பக்கத்தில் இருக்கும் உறைந்த சாமானும் உருகும். எடுக்கும்போது முதல் நாள் இரவே கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். குசினி மேசையில் உருக விடாதீர்கள். சூடாக்கினால் வெதுவெதுப்பு போதாது, முழுக்கக் கொதிக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

சோற்றை உறைய வைக்க மெனக்கெடாதீர்கள். வெளியில் கிடந்த சோற்றில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சோறு அன்றன்றைக்கு அவிப்பது லேசு. சூரை, கும்பளா வாங்கினால் தோணியில் இருந்தே ஐஸில் இருந்த மீனாகப் பாருங்கள். வெயிலில் கிடந்த அந்த வகை மீனில் ஹிஸ்டமின் சேரும். உறைய வைத்தாலும் சமைத்தாலும் அது அழியாது, உடம்பு சிவந்து கடிக்கும். பிறகு "கிரந்தி மீன்" என்று மீனுக்குப் பழி போகும்.

இன்னொன்று. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடத் தேவை. பத்தியம் என்று மரக்கறி, கீரை, பழம், தண்ணீர் எல்லாவற்றையும் குறைத்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். சரக்குக்கறி நல்ல சாப்பாடு, அதோடு கீரையும் இருக்கட்டும்.

பிறகு வேலைக்குத் திரும்பும் காலத்தில் தாய்ப்பால் எடுத்து வைப்பீர்கள். பிரீசரில் ஒரு தட்டை இப்போதே அதற்கு ஒதுக்குங்கள், மீனோடு சேர்க்க வேண்டாம். இப்போது உங்களுக்கு எட்டாம் மாதம். ஸ்டூலில் இருந்து வெட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கறிக்கு மேல் வேண்டாம்.


கிண்ணியா_ராத்தா
ஒக்டோபர் 6, இரவு 7.50

அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சிக்கு அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும். எங்கட ஊட்டுல இது ஒவ்வொரு வருசமும் நோன்புக்கு முன்னால நடக்கிற வேலை. சஃபான் மாசக் கடைசியில உம்மா, தாத்தா, நான், மச்சி எல்லாரும் ஒண்டா இருந்து சமோசா, ரோல்ஸ், கட்லட் செஞ்சி அடுக்கிருவோம். நோன்பு நேரம் அஸருக்குப் பொறகு எண்ணெயில போட்டு எடுக்கிறது மட்டும்தான்.

ரோல்ஸைத் தூளில புரட்டி, பொரிக்காம, பெரிய தட்டுல ஒண்டோட ஒண்டு படாம வெச்சி முதல்ல உறைய வைக்கோணும். கல்லு மாதிரி ஆனாப் பொறகுதான் எல்லாத்தையும் ஒரே பையில போடோணும். அப்பிடிச் செஞ்சா நாலு வேணுமெண்டா நாலு எடுக்கலாம். உருக உட்டா தூள் நனைஞ்சி வெடிக்கும், அதால ஐஸோடயே மெல்லிய நெருப்புல பொரிக்கோணும். உள்ளுக்கு வெக்கிற கிழங்கு நல்லா மசிச்சி இறைச்சியோட வறட்டினதா இருந்தா பழுது வராது. துண்டாக் கிடந்தாத்தான் தண்ணி கக்குற.

கஞ்சியை உறைய வைக்கிறல்ல. ஆனா இஞ்சி உள்ளி அரைச்சது, எலும்பு அவிச்ச தண்ணி, இந்த ரெண்டும் இருந்தா கஞ்சி அரைமணித்தியாலத்துல வந்துரும். உங்களுக்கும் எலும்புத்தண்ணி ஒதவும். ஆட்டெலும்பை மிளகு, மல்லி போட்டு நல்லா அவிச்சி வடிச்சி, கோப்பையளவு பையில வெச்சிக்கங்க. ராவைக்குப் புள்ள எழுப்பி உட்டுப் பசிச்சா சுடவெச்சிக் குடிக்கலாம்.

இந்த வேலையத் தனிய செய்யாதீங்க. பக்கத்து ஊட்டு அக்கா லீவு நாளுல வந்து இருந்தா கதைச்சிக் கதைச்சி முடிஞ்சிரும். அவங்களுக்கும் பாதி குடுங்க.


கோணேசர்_கோயிலடி
ஒக்டோபர் 6, இரவு 9.10

பிள்ளை, தாயில்லாத பிள்ளை எண்டு வாசிச்ச பிறகு எனக்கு மனம் கேக்கேல்லை. அரைப்பு வேலையை முந்தி முடிக்கிறதெண்டால் நானும் ஒத்துக்கொள்ளுறன். கறி அண்டைக்கு வைக்க வேணும், அதில மாத்தம் இல்லை.

ஒரு பெரிய கைப்பிடி மல்லி, ஒரு மேசைக்கரண்டி மிளகு, ஒரு மேசைக்கரண்டி நற்சீரகம், செத்தல் மிளகாய் ரெண்டு, விரல் நீளத்தில மஞ்சள் ஒரு துண்டு, சின்னதா ஒரு துண்டு வேர்க்கொம்பு. வெறும் சட்டியில மணம் வர மெல்லிசா வறுக்க வேணும், கறுக்கக் கூடாது. மஞ்சளை முதல் இடிச்சுக்கொள்ளுங்கோ. பிறகு ஒரு முழு உள்ளி உரிச்சுப் போட்டு, தண்ணி குறைவா விட்டுப் பசுந்தா அரைக்க வேணும். மிக்ஸியில அரைச்சாலும் பரவாயில்லை, கடைசியில ஒருக்கா அம்மியில இழுத்தா அந்தப் பசை வரும். இதில வாற அளவு ரெண்டு மூண்டு கறிக்குக் காணும்.

கறிக்கு மீனை மெல்லிசாத் தண்ணியில வைச்சு, உப்புப் போட்டு, அரைப்பைக் கரைச்சு விட்டு, கறிவேப்பிலை போட்டுக் கொதிக்க விடுங்கோ. தேங்காய்ப்பாலும் வேண்டாம், பழப்புளி நெல்லிக்காயளவுக்கு மேல வேண்டாம். முதல் கிழமை விளைமீன், ஒட்டி. பால் சுரக்கப் பால்சுறா வறை. இறாலும் நண்டும் கணவாயும் பிறகு பாக்கலாம்.

அரைப்பை ஐஸ்கட்டித் தட்டில குழி குழியா நிரப்பி உறைய வைக்கலாம் எண்டு என்ர மகள் சொல்லுறா. அவள் லண்டனில அப்பிடித்தான் செய்தவளாம், எனக்குச் சொல்லேல்லை.


தம்பை_வயல்
ஒக்டோபர் 7, காலை 5.40

தம்பலகாமத்திலயிருந்து எழுதுறன். எங்களுக்கு பிரீசர் இல்லை, ஆனா அறுவடை நாளில வயலுக்கு ஆக்கள் நிக்கேக்க இதே பிரச்சினைதான். நாங்கள் வெயிலை நம்பித்தான் முந்தியே சேர்க்கிறது. கருவாடு, மாசி, வடகம், மோர்மிளகாய், இடிச்ச தூள், வறுத்த அரிசிமா. இதெல்லாம் கரண்ட் போனாலும் இருக்கும்.

பிரீசரில எல்லாத்தையும் போட்டு நிரப்பாதேங்கோ தங்கச்சி. வறுத்த மாவும் சரக்குத் தூளும் காத்துப் புகாத போத்தலில வெளியிலயே இருக்கும். மாரிக்கு முந்தி, இப்ப ஒரு நல்ல வெயில் நாள் பாத்து மாவை வறுத்து அரிச்சு வையுங்கோ. மழை தொடங்கினா ஈரம் இழுத்திடும். பிரீசர் மீனுக்கும் தேங்காய்க்கும் அரைப்புக்கும் எண்டு இருக்கட்டும்.


லிங்கநகர்_அப்பா
ஒக்டோபர் 7, இரவு 10.20

ஆம்பிளைப் பக்கத்திலயிருந்து ஒரு விசயம். சமைச்சு வைக்கிறது நீங்கள், எடுத்துச் சூடாக்கப்போறது உங்கட கணவர். உறைஞ்ச கறி எல்லாம் ஒரே நிறம். "கோழி" எண்டு மட்டும் எழுதினாக் காணாது. என்ர மனுசி ஒவ்வொரு பையிலயும் அழியாத பேனையால முழுசா எழுதி வைச்சவ: என்ன கறி, வைச்ச திகதி, எத்தினை பேருக்கு, எவ்வளவு தண்ணி, எவ்வளவு நேரம், பால் விட வேணுமா, உப்புப் போட்டிருக்கா. பை தட்டையாகி உறைஞ்சாப் பிறகு எழுத ஏலாது, நிரப்ப முந்தியே எழுத வேணும்.

அதோட ஒரு முறையாவது நீங்கள் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருக்க, அவர் பையை எடுத்து உருக்கிக் கறியை முடிக்கட்டும். கட்டிப்பால் விட்டாப் பிறகு கொதிக்க விடக் கூடாது எண்டிறது கையால செய்தாத்தான் பிடிபடும். என்ன, தேங்காய்ப்பூ எந்தத் தட்டில இருக்கு எண்டு ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்துக் கேக்கிற நிலைமை அவருக்கு வரக் கூடாது.


உப்புவெளிப்பிள்ளை
ஒக்டோபர் 8, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. இவரோட இருந்து வாசிச்சு ஒரு திட்டம் போட்டிருக்கிறன். பிழை இருந்தாச் சொல்லுங்கோ.

பிரீசர்க் கதவைப் பாத்தம், நாலு நட்சத்திரம் இருக்கு. கார்ட் நாளைக்கு வாங்குவார். இந்தக் கிழமை மா வறுக்கிறதும் தூள் இடிக்கிறதும், அது வெளியில. அடுத்த கிழமை தேங்காய்ப்பூ, இஞ்சி உள்ளி, அன்ரியின்ர சரக்கரைப்பு. அதுக்குப் பிறகு பருப்பு, கடலை, கோழிப்பிரட்டல், எலும்புத்தண்ணி எண்டு ஒரு நாளைக்கு ஒண்டு. மீன் கடைசியா, கார்த்திகைத் தொடக்கத்தில, மழை பலக்க முந்தி வாங்குவம். இடியப்பம் பக்கத்து வீட்டு அக்காவோட ஒரு ஞாயிறு. கேட்டனான், சந்தோசமா ஒப்புக்கொண்டா. மேல் தட்டில வலப்பக்கம் எனக்குப் பத்தியம், இடப்பக்கம் வீட்டாக்களுக்கு. ஒரு மூலை பாலுக்கு.

ரெண்டு கேள்வி. பால்சுறாவையும் இப்பவே வாங்கி வைக்கலாமா? மல்லித்தண்ணி போல குடிக்கிற சாமான்களையும் உறைய வைக்க வேணுமா?


நிலாவெளிக்_குசினி
ஒக்டோபர் 8, இரவு 11.35

திட்டம் திறம். சுறாவை வைக்கிறதெண்டால் கடலிலயிருந்து வந்த அண்டைக்கே வைக்க வேணும். சுறாச் சதையில யூரியா கூட, கிடந்து பழுதாகத் தொடங்கினா அது அமோனியாவாகி மூக்கைக் குத்தும். கடையில மணந்து பாருங்கோ, கொஞ்சம் குத்தினாலும் வாங்க வேண்டாம். நல்லதா வந்தா அவிச்சு, தோல் உரிச்சு, முள் எடுத்து, உதிர்த்து, தண்ணி பிழிஞ்சு, ஒரு வறைக்குக் காணுமான அளவில வையுங்கோ. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகும் அண்டைக்குச் சேர்த்து வறுத்தா அன்ரிக்கும் குறை சொல்ல இடமில்லை.


பிரிட்ஜ்_திருத்துனர்
ஒக்டோபர் 9, காலை 6.30

ஒரு நாளைக்கு ஒண்டு எண்டது நல்ல முடிவு. ஒரே நாளில கன சாமானை உள்ளுக்குத் தள்ளினா எல்லாம் ஆறுதலாத்தான் உறையும். புதுசா வைக்கிறதை பின்சுவரோட ஒட்டி வையுங்கோ, பழசை முன்னுக்கு இழுங்கோ.


கோணேசர்_கோயிலடி
ஒக்டோபர் 9, காலை 9.00

மல்லித்தண்ணிக்கு பிரீசர் வேண்டாம் பிள்ளை. மல்லியும் வேர்க்கொம்பும் வறுத்து ஒண்டிரண்டா இடிச்சுப் போத்தலில வையுங்கோ. காலையில ஒரு கைப்பிடி போட்டு அவிச்சு வடிச்சு, பெரிய பிளாஸ்கில விட்டுக் கட்டிலடியில வைச்சா அண்டைக்கு முழுக்கக் காணும். அந்தப் பிளாஸ்கைக் கழுவிறது, நிரப்பிறது உங்கட மனுசன்ர வேலை எண்டு இப்பவே சொல்லி வையுங்கோ.